மொட்டை மாடியில் மெய்ப்புப் பார்த்த மூன்று நாட்கள்

விருத்தாசலத்தில் ஐந்து கட்டடங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பஸ் நிலையத்துக்கு எதிரே கடைகளும் அலுவலகங்களும் உள்ள இரண்டு மாடிக் கட்டடம், ஜங்ஷன் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம், ஒரு வங்கி வாடகைக்கு இருக்கும் கட்டடம், ஒரு லாட்ஜ், ஒரு ஜவுளிக் கிடங்கு. ஐந்துக்கும் உரிமையாளர் ஒருவரே. அவர் ஷார்ஜாவில் இருக்கிறார். ஊரில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் சொல்வார்கள்; நானும் அப்படியே. இதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு நாளிதழில் இருந்தேன். பாதிக் காலம் நிருபர், மீதிக் காலம் மாவட்டப் பக்கங்களுக்கு உதவி ஆசிரியர். செய்தியைச் சுருக்குவதும் மெய்ப்புப் பார்ப்பதும்தான் கடைசிவரை செய்த வேலை.

போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடித்துவிட்டு பாய் போன் செய்தார். ஐந்து கட்டடத்திலும் கரண்ட் செலவைக் குறைக்க வேண்டும், ஆனால் வாடகைக்கு இருப்பவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கக் கூடாது என்றார். அவர் அங்கே இருக்கும் கட்டடத்தில் ஆள் இல்லாத அறையில் விளக்கு தானாக அணைந்துவிடுகிறதாம். நம் ஊரில் ஆள் இல்லாத அறையில்தான் விளக்கு எரிகிறது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அத எப்புடி நிறுத்துறதுன்னு பாருங்க சார்" என்றார்.

மின்கட்டண ரசீது எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். எப்போது, எதனால் என்று சொல்லாது. அதற்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் ஐந்து கட்டடங்களின் மீட்டரையும் காலை, நண்பகல், மாலை என்று நானே பார்த்து நோட்டில் குறித்தேன். கூடவே எங்கள் எலெக்ட்ரீஷியன் வந்தார். பதினான்கு வருடமாக இந்தக் கட்டடங்களில் இருப்பவர். எந்தச் சுவருக்குள் எந்த ஒயர் போகிறது என்பது அவர் தலைக்குள் இருக்கிறது, தாளில் இல்லை.

முகூர்த்தம் இல்லாத நாட்களிலும் கல்யாண மண்டபத்தில் மீட்டர் ஓடியது. மணமகள் அறையைத் திறந்து பார்த்தோம். நான்கு நாள் முன்பு தாலி கட்டிப் போனவர்கள் வெந்நீர் கீசரை அணைக்காமல் போயிருந்தார்கள். அந்தக் கல்யாணத்தில் சீர்ப் பாத்திரங்களை இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும். லாட்ஜில் மாடிப்படி விளக்குகள் பகலிலும் எரிந்தன. சுவிட்ச் இருந்த இடத்தில் யாரோ ஒரு பீரோவை நிறுத்தி வைத்திருந்தார்கள். இவையெல்லாம் ஒரு வாரத்தில் சரியாயின.

பஸ் நிலையக் கட்டடத்தில் மாலை ஆறு மணிக்கு மீட்டர் எகிறியது. விளக்கு வைக்கும் நேரம். சாம்பிராணி போடும்போது கடைக்காரர்கள் கடையில் உள்ள அத்தனை விளக்கையும் போடுவார்கள். பின்னால் இருக்கும் கிடங்கு, பெயர்ப்பலகை, கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் குட்டி விளக்கு உட்பட எதுவும் அந்தக் கால் மணி நேரம் இருட்டாக இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை என்றால் அரை மணி. அதே நேரத்தில்தான் எங்கள் எலெக்ட்ரீஷியன் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் பெரிய மோட்டாரைப் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் ஆறு மணி என்று கேட்டேன். வீட்டுக்குப் போகும்முன் போட்டுவிட்டுப் போவது வழக்கம் என்றார். கடைக்காரர்களின் விளக்கில் நாங்கள் கை வைக்கவில்லை. மோட்டாரைக் காலை ஐந்தரைக்கு மாற்றி ஒரு டைமர் வைத்தோம். இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், டைமரே நேரத்துக்கு எழுந்துவிடுவதால் தான் மெதுவாக எழுந்தால் போதும் என்று கண்டுகொண்டு சமாதானமானார்.

அந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடிதான் உண்மையான பிரச்சினை.

அங்கே இரண்டு வாசல்கள். ஒன்று என் அலுவலக அறை. எதிரே ரத்தப் பரிசோதனை நிலையம். கடலூரில் பெரிய லேப் ஒன்றில் எட்டு வருடம் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, சொந்தமாகத் தொடங்கிய பெண் அதை நடத்துகிறார். அவருடைய மெஷின் அறையின் சூடு முப்பது டிகிரியைத் தாண்டினால் தானாக நின்றுவிடும். முந்தைய கோடையில் தினமும் பன்னிரண்டு மணிக்கு மேல் நின்றது. கதவில் ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தார்: பகல் 12 முதல் 4 வரை பரிசோதனை இல்லை.

அந்த நான்கு மணி நேரத்தின் அர்த்தம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அவரிடம் வருபவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தும் எங்கள் மாவட்டத்து மங்களூர் பக்கத்திலிருந்தும் வெறும் வயிற்றோடு பஸ்ஸேறி, பத்து மணிக்கு வந்து முதல் ரத்தம் கொடுப்பார்கள். பிறகு எதிரே ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது ரத்தம் கொடுக்கும்போது மணி ஒன்று. அப்போது மெஷின் ஓடாது. சாம்பிள்களைக் கடலூர் பஸ்ஸில் அனுப்பி, மறுநாள் ரிப்போர்ட் கொடுத்தார். மறுநாளும் ஊரிலிருந்து பஸ்ஸேறி வர யாருக்கும் விருப்பமில்லை. டாக்டர்கள் வேறு லேபுக்கு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இன்னொரு ஏசி வேண்டும் என்று கேட்டார். கட்டடத்துக்கு வாங்கியிருந்த மின்சுமையின் விளிம்பில் ஏற்கெனவே இருந்தோம். கூட்டிக் கேட்டால் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைக்க இடம் கொடுக்க வேண்டும் என்று மின்சார அலுவலகத்தில் விதியைக் காட்டினார்கள். எங்களிடம் இருந்த ஒரே காலி இடம் மாடிப்படியின் வாசல். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டிக் குதித்து யாரும் ரத்தம் கொடுக்க வரமாட்டார்கள்.

அந்த அம்மா சத்தம் போடுகிறவர் அல்ல. ஒரு நாள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ரிப்போர்ட் வாசிப்பதுபோல் சொன்னார். நெய்வேலியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். பதில் சொல்ல அக்னி நட்சத்திரத்தின் முதல் வாரம் வரை நேரம் வாங்கியிருக்கிறார். அக்னி தொடங்கும் அன்று மெஷின் நின்றால், அன்றே வருவதாகச் சொல்லிவிட்டு அறையைக் காலி செய்வார்.

"இன்னொரு வெயிலுக்கு என்னால அந்த அட்டையத் தொங்கவிட முடியாது சார்" என்றார்.

அன்று பகல் இரண்டு மணிக்கு அவருடைய வெப்பமானியை இரவல் வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். பழைய தட்டு ஓடு பதித்த தளம், பஸ் புகை படிந்து கறுத்திருந்தது. வெப்பமானியைத் தரையில் வைத்துவிட்டு நிழலுக்கு ஓடி வந்தேன். செருப்போடு நின்றும் கால் சுட்டது. அப்போது இன்னும் பங்குனியே பிறக்கவில்லை. ஐம்பத்திரண்டு காட்டியது. கீழே ஏசி அந்தக் கூரையோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. காலை பத்து மணிக்கு ஓடத் தொடங்கினால் மாலைவரை ஒரு நிமிடம்கூட நிற்காது. நின்றால் சூடு தாங்காமல் கட்டாகிவிட்டது என்று அர்த்தம்.

வெள்ளை பெயின்ட் அடிக்கலாம் என்று நான் சொன்னேன். பஸ் நிலையத் தூசியில் அது ஆறு மாதம் தாங்காது என்றார் எலெக்ட்ரீஷியன். பிறகு, செராமிக் எஸ்டேட் பக்கம் தன் மச்சான் வீட்டைப் பற்றிச் சொன்னார்.

"அவங்க வூட்டு மாடி பூரா பீங்கான் உடைசல் பதிச்சிருக்குது சார். மட்ட மத்தியானம் வெறுங்கால்ல நின்னு வடாம் காய வெக்கிறாங்க."

போய் நின்று பார்த்தேன். நிற்க முடிந்தது.

எங்கள் ஊரில் பீங்கான் உடைசலுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு சூளையின் பின்புறமும் வெள்ளையாக ஒரு குவியல் இருக்கும்: விரிசல் விட்ட ஃபியூஸ் கட்டைகள், கோணலான இன்சுலேட்டர்கள், பிடி உடைந்த கோப்பைகள். சூளை யூனிட் வைத்திருக்கும் ஒருவர் இடம் காலியானால் போதும் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். குட்டி யானை வண்டியில் இரண்டு நடையாக நாற்பது மூட்டை வந்தது. ஒவ்வொரு மூட்டையின் வாயையும் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை, பளபளப்பு, சரி. வாயை மட்டும்தான் பார்த்தேன். கூட்டத்தில் முதல் வரிசையோடு பேசிவிட்டு மொத்தக் கூட்டத்தையும் பற்றி எழுதும் நிருபரை நானே பல முறை கண்டித்திருக்கிறேன்.

பங்குனிக் கடைசியில் வேலை தொடங்கியது. ஒரு கொத்தனார், இரண்டு சித்தாள். டேங்க் நிழலில் உட்கார்ந்து உடைசலைச் சுத்தியலால் தட்டித் தட்டையான சில்லுகளாக்குவதும், சிமென்ட் கலவையில் நெருக்கமாகப் பதிப்பதும் சித்தாள்களின் வேலை. ஒரு பகுதி முடிந்ததும் லேப் அம்மா மேலே வந்து, தன் வெப்பமானியைத் தானே வைத்துப் பார்த்தார். பழைய தரைக்கும் புதிய தரைக்கும் பதினான்கு டிகிரி வித்தியாசம். இறங்கிப் போனார். அன்று மாலை டாக்டர்களுக்குப் போன் செய்து, இந்தக் கோடையில் மதிய சாம்பிளும் எடுப்பேன் என்று அவர் சொல்வது எதிரே என் அறையில் கேட்டது.

சித்திரை இரண்டாம் வாரத்தில் தளம் முடிந்தது. ஒன்பது நாளில் அக்னி. மறுநாள் காலை கீழே டீக்கடை வைத்திருப்பவர் டேங்கில் தண்ணீர் வரவில்லையென்று பார்க்க மேலே வந்தார். மாடிக் கதவைத் தாண்டி ஒரு காலை வைத்தவர், அப்படியே நின்று, குனிந்து பார்த்து, காலைப் பின்னால் எடுத்துச் செருப்பைக் கழற்றினார். பிறகு என் அறைக்கு வந்தார்.

"சார், புள்ளையாரை மிதிச்சிட்டேன் சார்" என்றார்.

போய்ப் பார்த்தேன். வாசலை ஒட்டி, கோலம் போட்டது மாதிரி வட்டமாகப் பதித்த சில்லுகளின் நடுவில் ஒரு தும்பிக்கை இருந்தது. பக்கத்தில் தாமரை பிடித்த ஒரு கை. கொஞ்சம் தள்ளிக் கூப்பிய இரண்டு கைகள், வேளாங்கண்ணி மாதாவினுடையதாக இருக்க வேண்டும். டேங்க் ஓரம் பிறை வைத்த சின்ன கும்மட்டம். மூட்டைகளின் அடியில் சாமி பொம்மைகளின் உடைசல் இருந்திருக்கிறது.

இரண்டு சித்தாள்களில் மூத்தவர் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் எதையும் மறைக்கவில்லை. தட்டி உடைக்க மனசு வராத அழகான துண்டுகளையெல்லாம் தனியே எடுத்து வைத்து, வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று வாசலில் பதித்தது தான்தான் என்றார். டீக்கடைக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

"கண்ணு எழுதலியேண்ணா" என்றார் அந்தச் சித்தாள் அம்மா. "கண்ணு எழுதுற வரைக்கும் அது பொம்மதான். ஆறு வருஷம் பொம்ம யூனிட்டுல வேல பாத்தவ நானு."

"தும்பிக்க தெரியுதில்ல?"

"ஆனைக்கும்தான் தும்பிக்க இருக்குது."

டீக்கடைக்காரர் மறுபடி குனிந்தார். "ஆன கையில கொழுக்கட்ட வெச்சிக்கிட்டு இருக்குமா?"

அந்த அம்மாவும் குனிந்து பார்த்தார்.

ஒரு மணி நேரத்தில் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஃபேன்சி ஸ்டோர்காரரும் மருந்துக்கடைக்காரரும் செருப்பைப் படியில் விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. முழுத் தளத்தையும் பெயர்த்து எடுத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் ஒரே குரலாக இருந்தார்கள். எடுத்துவிட்டு மறுபடி பதிக்க மூன்று வாரம் ஆகும் என்றார் கொத்தனார். லேப் அம்மா மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கையுறையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. மூன்று வாரம் என்றதும் திரும்பி இறங்கினார்.

பாய்க்குப் போன் செய்தேன். மூட்டையின் வாயை மட்டும் பார்த்தது என் தவறு என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு நடந்ததைச் சொன்னேன்.

"நம்ம கட்டடத்துல எந்தச் சாமியையும் யாரும் மிதிக்க வேணாம் சார். ஒண்ணு விடாம எடுத்துடுங்க" என்றார். முழுத் தளத்தையுமா என்று கேட்டேன். சாமியைத்தான் சொன்னேன் என்றார்.

அதுவே எனக்கு வழியாகத் தெரிந்தது. டீக்கடைக்காரரிடம் போனேன். ஒரு பக்கத்தில் பத்துப் பிழை இருந்தால் பக்கத்தைக் கிழித்துப் போடமாட்டோம், பிழையை எடுப்போம் என்றேன். ஒன்றுகூட மிச்சமிருக்காது என்று நான் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டார். நம்ப வேண்டாம், நீங்களே கூட இருந்து பாருங்கள் என்றேன். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்.

மெய்ப்புப் பார்க்க ஒரு முறை உண்டு. படிக்கும் வரியைத் தவிர மற்றது கண்ணில் படக் கூடாது. அதற்காக அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்துவோம். பொருளோடு படித்தால் பிழை தெரியாது, எழுத்தாகப் பார்க்க வேண்டும். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும். கொத்தனாரின் நூலை மாடியின் குறுக்கே ஓரடிக்கு ஒன்றாகக் கட்டினோம். நான் இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போவேன். டீக்கடைக்காரர் அதே வரியை வலமிருந்து இடமாகப் பார்த்துக்கொண்டு வருவார். சந்தேகம் வந்தால் சாக்பீஸால் வட்டம். பின்னால் அந்தச் சித்தாள் அம்மா உளியோடு வந்து, வட்டம் போட்டதைப் பெயர்த்து, அதே அளவுக்கு வெறும் சில்லை வைத்துப் பூசுவார். வெயில் ஏறும்வரை, ஒன்பது மணிவரை வேலை. சிமென்ட் இறுகியிருந்ததால் ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடித்தது.

முதல் நாள் டீக்கடைக்காரர் வளைவாகத் தெரிந்த எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டார். அந்த அம்மா உளியைக் கீழே வைத்துவிட்டு, இது பிள்ளையார் காது இல்லை, டீ கப்பின் காது என்றார். வாழ்நாளெல்லாம் டீ ஆற்றுகிற ஆளுக்குக் கப்பின் காது தெரியாதா என்றும் கேட்டார். தன் கடையில் கண்ணாடி கிளாஸ்தான் என்றார் அவர். இரண்டாம் நாளிலிருந்து சந்தேகமானதை அவரே அந்த அம்மாவிடம் கேட்டார். பொம்மை யூனிட்டின் ஆறு வருடத்தில் எந்த மடிப்பு எந்தச் சேலையுடையது என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. நான் ஒரு சாதாரண இன்சுலேட்டர் என்று தாண்டிப்போன துண்டை அவர் லட்சுமியின் கிரீடம் என்றார். உண்மைதான், சாய்த்துப் பிடித்ததும் தெரிந்தது.

மூன்றாம் நாள் எட்டே முக்காலுக்குக் கடைசி நூலை அவிழ்த்தோம். எடுத்தவை ஒரு சாக்கு. டீக்கடைக்காரர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வண்டியில் எங்களோடு வந்தார். யூனிட்காரர், உடைசலை அரைத்து மண்ணோடு சேர்த்து மறுபடி அச்சில் ஊற்றிவிடுவதாகச் சொன்னார். அரவையில் கொட்டும்வரை டீக்கடைக்காரர் நகரவில்லை. அடுத்த மழையில் டேங்கின் பின்னால் இன்னொரு வளைவு என் கண்ணில் பட்டது. அவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கப்பின் காதுதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

புதிதாகப் பூசிய இடங்களுக்கு மீதியிருந்த நாட்களில் தண்ணீர் கட்டினோம். அக்னி பிறப்பதற்கு முதல் நாள் மாலை தளத்தைக் கழுவிவிட்டோம்.

அக்னி பிறந்த அன்று எலெக்ட்ரீஷியன் எந்த வேலையும் இல்லாமல் பதினொரு மணிக்கே இரண்டாவது மாடிக்கு வந்துவிட்டார். நானும் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். லேபின் பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் டீக்கடைக்காரர். போன வருடம் வேறு லேபுக்குப் போனவர். காலையில் வெறும் வயிற்றுக்குக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, ஒரு மணிக்கு இரண்டாவது ரத்தம் கொடுக்க வந்திருந்தார். டீயில் சர்க்கரை போடுவதில்லை என்று தானாகவே சொன்னார். வடை எத்தனை என்று லேப் அம்மா ஊசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினார்.

ஒன்றே கால் இருக்கும். ஏசி நின்றது.

லேப் அம்மா மெஷின் பக்கம் திரும்பினார். பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது; எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அந்த ஏசி நின்றால் என்ன அர்த்தம் என்று போன கோடை முழுக்கப் பார்த்திருக்கிறோம். எலெக்ட்ரீஷியன் எழுந்து போய் மெயினைப் பார்த்தார். பிறகு ஏசிக்குக் கீழே நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கட்டாவல மேடம்" என்றார். "ரூம்பு ஜில்லுன்னு ஆயிடுச்சி. அதான் ரெஸ்ட் எடுக்குது."

லேப் அம்மா மெஷினுக்கு மேலே மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தார். இருபத்தாறு. ஆறேழு நிமிடம் கழித்து ஏசி தானாக மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த நேரம் முழுக்க மெஷின் டீக்கடைக்காரரின் ரத்தத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஒன்றே முக்காலுக்கு ரிப்போர்ட் வந்தது. எண் நல்லதாக இல்லை என்பதை அவர் முகத்திலிருந்து தெரிந்துகொண்டேன். ஆனால் அன்றே கிடைத்துவிட்டது.

மாலை நான்கு மணிக்கு லேப் அம்மா நெய்வேலிக்குப் போன் செய்து, வரவில்லை, மன்னிக்க வேண்டும் என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். பிறகு மேசை அடியிலிருந்து போன வருடத்து அட்டையை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, மீட்டர் குறிக்க உதவும் என்றார். அதில்தான் இப்போது கல்யாண மண்டபத்து மாடியிலும் பதிக்க வரும் உடைசலின் மூட்டைக் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை ஒவ்வொரு மூட்டையையும் தார்ப்பாயில் முழுசாகக் கொட்டிப் பார்க்கிறோம். பிரித்துக் கொடுப்பது அந்தச் சித்தாள் அம்மா.